கொரியன் ஸ்ட்ரிங் ரெண்டு, பாக்க ஒண்ணு, ஈக்வல் இல்லேங்குது – என்எஃப்சியா என்எஃப்கேசியா?

இடியாப்பம்_3:

மக்களே ஒரு உதவி. ஆபீஸ்ல கொரியன் சப்டைட்டில் ஃபைலுக்கெல்லாம் ஒரு சர்ச் பண்ணிட்டு இருக்கேன், எனக்கு கொரியன் ஒரு எழுத்து கூட படிக்க வராது, ரெண்டு படம் ஒரே மாதிரி இருக்கான்னு கண்ணால பாக்கறதோட சரி. சிக்கலே அங்கதான். "ஹன்குல்"னு ரெண்டு கட்டமா வர்ற ஒரே வார்த்தை, ஒரு ஃபைல் பேர்ல இருந்து எடுத்தா பைத்தான்ல நீளம் 2ன்னு வருது, இன்னொரு ஃபைல் பேர்ல இருந்து எடுத்தா 6. ஸ்கிரீன்ல எவ்வளவு பெருசாக்கி பாத்தாலும் ஒரு வித்தியாசமும் இல்ல. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு யுனிக் போட்டு வச்ச காலம்ல (நெடுவரிசைல) ரெண்டுமே உள்ள போய் உக்காந்துருக்கு. கொரியன் எழுத்தான்னு பாக்க ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து மாதிரியை தேடற விதி) வச்சிருந்தேன், அது ரெண்டாவதை கொரியனே இல்லேன்னு தூக்கி வீசிருது.

கூட வேலை பாக்கறவர் "எல்லாத்தையும் என்எஃப்கேசி போட்டு விடு, சுத்தமாயிரும்"ங்கறார். போடலாமா? நெட்ல பாதி பேர் என்எஃப்சிங்கறாங்க. (ரெண்டுமே யுனிகோடு எழுத்தை ஒரே வடிவத்துக்கு கொண்டு வர்ற நார்மலைசேஷன் முறையாம்.) இதுல இன்னொண்ணு, பழைய எஸ்எம்ஐ சப்டைட்டில் ஃபைலை இயுசி-கேஆர்னு (பழைய கொரியன் என்கோடிங்) சொல்லி டீகோட் பண்ணா சிலது நடுவுல எர்ரர் அடிக்குது, அதே ஃபைலை பிரவுசர்ல இயுசி-கேஆர்னு சொல்லி திறந்தா ஜம்முனு தெரியுது. ரெண்டும் ஒரே பிரச்சனையா வேற வேறயான்னு கூட புரியல.

செமிகோலன் சுந்தரி:

வேற வேற பிரச்சனை, ஆனா ஒரே வீட்டுல பொறந்தது. முதல்ல நீளம் விஷயம்.

உங்க ரெண்டு ஸ்ட்ரிங்கும் சரியான யுனிகோடுதான், எதுவும் கெட்டுப்போகல. கொரியன்ல ஒரு கட்டம்ங்கறது ஒரு அசை, அதுக்குள்ள ஆரம்ப மெய், ஒரு உயிர், வேணும்னா கடைசில ஒரு மெய் இருக்கும், இந்த துண்டுகளைத்தான் ஜாமோங்கறது. யுனிகோடுல முழு கட்டத்துக்கும் ஒரு எண் இருக்கு, துண்டுகளுக்கும் தனித்தனி எண் இருக்கு. முழு கட்டமா எழுதினா "ஹன்குல்" 2 எழுத்து, துண்டா எழுதினா மூணும் மூணும் 6. யுடிஎஃப்-8ல (யுனிகோடை பைட்டா எழுதற முறை) ஒவ்வொண்ணும் 3 பைட், அதனால முதல் வடிவம் 6 பைட், ரெண்டாவது 18 பைட். ரெண்டும் ஒண்ணேதான்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, ஆனா பைத்தானோட == அதை கேக்காது, அது எண்ணை மட்டும் ஒப்பிடும். ஜாவாஸ்கிரிப்ட்டும் அப்படித்தான். ஸ்விஃப்ட்ல மட்டும் இந்த ரெண்டும் ஈக்வல்னு வரும், அதை பாத்து பழகினவங்க இங்க வந்து மாட்டிக்குவாங்க.

துண்டா இருக்கறதை சேத்து முழு கட்டமாக்கறது என்எஃப்சி, முழு கட்டத்தை உடைச்சு துண்டாக்கறது என்எஃப்டி. அழகு என்னன்னா கொரியனுக்கு இதை பண்ண டேபிளே வேணாம், வெறும் கணக்கு. ஆரம்ப மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27, கடைசி மெய் இல்லாத கேஸையும் சேத்தா 28. பெருக்கினா 11,172. இத்தனை கட்டமும் 44032ல ஆரம்பிச்சு 55203 வரைக்கும் ஒரு ஓட்டை இல்லாம வரிசையா நிக்குது. (ஹெக்ஸ் வேணாம், டெசிமல்லயே சொல்றேன், கையால போட்டு பாக்க சுலபம்.)

ஃபார்முலா இவ்வளவுதான்: 44032 + (ஆரம்ப மெய் × 21 + உயிர்) × 28 + கடைசி மெய். "ஹன்" எடுங்க, 0ல இருந்து எண்ணினா ஹ 18, அ 0, கடைசி ன் 4. 18 × 21 = 378, 378 × 28 = 10584, கூட 4, கூட 44032, மொத்தம் 54620. "குல்"லுக்கு 0, 18, 8 போட்டா 44544. உடைக்கணும்னா இதையே திருப்பி வகுத்து மீதி எடுங்க, ஆரம்ப மெய்க்கு 4352, உயிருக்கு 4449, கடைசி மெய்க்கு 4519 கூட்டிக்கங்க, "ஹன்" 4370, 4449, 4523னு வரும். கடைசி மெய் உண்மையில 4520லதான் ஆரம்பிக்குது, 0ன்னா "ஒண்ணும் இல்ல"ங்கறதால ஒண்ணு கம்மியா வச்சிருக்காங்க, சொந்தமா கோடு எழுதறவங்க வழுக்கி விழற இடம் அதுதான். நீங்க எழுத வேணாம், யுனிகோடுடேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் இருக்கு, 3.8ல இருந்து ஈஸ் நார்மலைஸ்டும் இருக்கு, அதை முதல்ல கேட்டுட்டு தேவைன்னா மட்டும் மாத்துங்க.

உங்க ரெஜெக்ஸ் அனேகமா 44032ல இருந்து 55203ங்கற ரேஞ்ச் மட்டும் பாக்குது, துண்டெல்லாம் 4352 பக்கம் இருக்கறதால அதுக்கு கொரியனா தெரியல. என்எஃப்சி போட்டுட்டு ரெஜெக்ஸ் ஓட்டுங்க, சரியாயிரும்.

என்எஃப்கேசி? வேணாம். ஏன்னு யாராவது எழுதுங்க, எனக்கு மீட்டிங்.

நள்ளிரவு டீ:

அந்த துண்டு வடிவம் எங்க இருந்து வருதுன்னு நான் சொல்றேன். ஃபைல் பேர்னு சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு, மேக்ல பேர் வச்ச ஃபைலா இருக்கும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பேரை வாங்கின உடனே உடைச்ச வடிவத்துலதான் எழுதி வைக்கும், நீ முழு கட்டமா குடுத்தாலும் சரி. 2017ல மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் குடுத்ததை அப்படியே வச்சுக்குது, தேடும்போது மட்டும் ரெண்டையும் ஒண்ணா பாக்குது. ஆனாலும் மேல இருக்கற லைப்ரரிங்க இன்னும் பல இடத்துல உடைச்ச வடிவத்தையே அனுப்பறதால விஷயம் ஓயல. அந்த ஃபைல் விண்டோஸ்ல போய் நின்னா எழுத்தெல்லாம் துண்டு துண்டா வரிசையா தெரியும், கொரியால இதுக்கு "ஜாசோ புன்ரி"ன்னு பேரே வச்சு திட்டிட்டு இருக்காங்க.

லினக்ஸ்ல இதுக்கு இன்னொரு வினை. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்ல ஃபைல் பேருக்கு 255 பைட்தான் லிமிட். முழு கட்டம்னா 85 எழுத்து வைக்கலாம், துண்டா இருந்தா, எல்லாத்துக்கும் கடைசி மெய் இருந்துச்சுன்னா 28தான். சப்டைட்டில் ஃபைல் பேர் எவ்வளவு நீளம் இருக்கும்னு உனக்கே தெரியும் தம்பி, படத்து பேர், எபிசோடு, ரிலீஸ் குரூப்னு போய்ட்டே இருக்கும், மேக்ல நல்லா இருந்தது காப்பி பண்ணும்போது "பேர் ரொம்ப நீளம்"னு விழும். அப்பறம் துண்டு வடிவத்தை சிபி949ல (விண்டோஸோட பழைய கொரியன் என்கோடிங்) எழுதவே முடியாது, அந்த ஜாமோக்களுக்கு அங்க இடமே கிடையாது, கேள்விக்குறியா மாறும் இல்லேன்னா எர்ரர்.

ஏற்கெனவே இருக்கற ஃபைலுக்கு கான்வ்எம்வின்னு ஒரு டூல் இருக்கு, என்எஃப்சி ஆப்ஷன் குடுத்தா பேரை மாத்திக் குடுக்கும், முதல்ல சும்மா என்ன பண்ணும்னு மட்டும் காட்டும், நிஜமா மாத்த நோடெஸ்ட்னு தனியா சொல்லணும். கிட்ல (வெர்ஷன் கன்ட்ரோல் டூல்) போட்டு வச்சிருந்தா கோர் டாட் ப்ரீகம்போஸ்யுனிகோட் செட்டிங்கை பாரு. டேட்டாபேஸ் பக்கம் போஸ்ட்கிரெஸ் 13ல இருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் உள்ளயே இருக்கு, காலத்துக்கு "ஈஸ் என்எஃப்சி நார்மலைஸ்டு"ன்னு ஒரு செக் போட்டு வை, அப்ப எந்த வழியா வந்தாலும் துண்டு வடிவம் உள்ள நுழையாது. அப்ளிகேஷன்ல மட்டும் பண்ணா நாளைக்கு இன்னொருத்தன் ஸ்கிரிப்ட் எழுதி நேரா உள்ள தள்ளுவான்.

பழையபேட்டை:

இயுசி-கேஆர் கதை எனக்கு பிடிச்ச கதை, நான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

80கள்ல கொரியால ரெண்டு கட்சி. ஒரு கட்சி ஜோஹாப், அதாவது சேர்க்கை முறை, 16 பிட்ல முதல் பிட் 1, மீதி 15ஐ அஞ்சஞ்சா பிரிச்சு ஆரம்ப மெய், உயிர், கடைசி மெய். அஞ்சு பிட்ல 32 வரைக்கும் போகும், நமக்கு தேவை 19, 21, 28, அழகா உக்காந்துருச்சு, 11,172ம் எழுதலாம். இன்னொரு கட்சி வான்சோங், முழு கட்டமா ரெடி பண்ணி ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுக்கறது. 1987ல வந்த கேஎஸ் சி 5601ங்கற கொரிய தேசிய ஸ்டாண்டர்டு ரெண்டாவது கட்சிக்கு போச்சு, ஏன்னா ஐஎஸ்ஓ 2022ங்கற சர்வதேச விதி பாணில 94க்கு 94 டேபிளுக்குள்ள அடக்கணும், அதுல ஹன்ஜா (கொரியன்ல எழுதற சீன எழுத்து) 4,888க்கும் இடம் வேணும். மிஞ்சின இடத்துல ஹங்குல் (கொரியன் எழுத்தோட பேர்) கட்டம் 2,350தான் வந்துச்சு. அடிக்கடி வர்றதா பாத்து பொறுக்கினாங்க.

8,822 கட்டம் வெளிய நின்னுச்சு! ஒரு பிரபலமான டிவி நாடகத்து பேர்ல இருந்த "த்தோம்"ங்கற ஒரு எழுத்தை கம்ப்யூட்டர்ல அடிக்க முடியலேன்னு ஊரே பேசுச்சு. டெஸ்ட் பண்றதுக்குன்னே டெவலப்பர்ஸ் ஒரு வாக்கியம் வச்சிருக்காங்க, ஜீப்ல ஏறி வந்த பெப்சிமேன்னு ஆரம்பிச்சு சிரிப்பா போகும், அதுல நாலு எழுத்து அந்த 2,350ல கிடையாது, உங்க சிஸ்டம் அதை காட்டிருச்சுன்னா பாஸ். 1992ல ஸ்டாண்டர்டை திருத்தினப்ப ஜோஹாப்பையும் பின்னிணைப்பா சேத்தாங்க, ஆனா வண்டி போயிருச்சு. விண்டோஸ் 95 வந்தப்ப மைக்ரோசாஃப்ட் பழைய 2,350ஐ தொடாம, விட்டுப்போன 8,822ஐ காலியா கிடந்த பைட்ல சொருகி சிபி949னு குடுத்துச்சு. கூட்டிப் பாருங்க, சரியா 11,172. வரிசைதான் கெட்டுப்போச்சு, சொருகினதெல்லாம் அகராதி வரிசைல இருக்காது.

இப்ப உங்க எர்ரருக்கு வர்றேன். அந்த எஸ்எம்ஐ ஃபைலெல்லாம் விண்டோஸ்ல எழுதினது, பேர்தான் இயுசி-கேஆர், சரக்கு சிபி949. பைத்தான் கறாரா பழைய ஸ்டாண்டர்டை மட்டும் பாக்கும், சொருகின எழுத்து வந்தா விழுந்துரும். பிரவுசருக்கான வாட்டவ்ஜி விதில இயுசி-கேஆர்னு சொன்னாலே சிபி949ன்னு எடுத்துக்கணும்னு எழுதியே வச்சிருக்காங்க, அதான் அங்க ஜம்முனு தெரியுது. நீங்களும் எப்பவும் சிபி949னே சொல்லி டீகோட் பண்ணுங்க. எழுதும்போது மட்டும் பைத்தான் இயுசி-கேஆர் கோடெக்கை நம்பாதீங்க, 2,350க்கு வெளிய உள்ள கட்டத்தை அது எர்ரர் அடிக்காம 8 பைட்ல துண்டு துண்டா எழுதி வைக்கும், ஸ்டாண்டர்டோட பின்னிணைப்புல அப்படி ஒரு முறை இருக்குதான், ஆனா அதை படிக்கற ப்ளேயர் எனக்கு தெரிஞ்சு அபூர்வம்.

யுனிகோடும் இந்த சண்டைக்கு தப்பல. 1991ல முதல் பதிப்புல 2,350. 1993ல 1.1 வந்தப்ப 6,656, அதுவும் 2350, 1930, 2376ன்னு மூணு கும்பலா, ஒவ்வொரு கும்பலுக்குள்ளயும் தனி வரிசை, சார்ட் பண்ணா நாறிரும். 1996ல 2.0ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு 11,172ஐயும் இப்ப இருக்கற 44032க்கு குடி மாத்தினாங்க. பழைய இடம் 13312ல இருந்து 19967, அங்க 1999ல சீன எழுத்துக்களை குடி வச்சுட்டாங்க, அதனால 1.1ல எழுதின கொரியன் டாக்குமெண்ட் எவன்கிட்டயாவது இருந்தா இன்னைக்கு திறந்தா சீனமா தெரியும். இந்த கூத்துக்கு அப்பறம்தான் ஒரு தடவை குடுத்த இடத்தை இனி எக்காரணம் கொண்டும் மாத்தறதில்லேன்னு யுனிகோடு முடிவு பண்ணுச்சு. நம்ம எல்லாருக்கும் நல்லதாப் போச்சு.

(வட கொரியா தனி ரூட். அவங்களோட கேபிஎஸ் 9566 ஸ்டாண்டர்டுல கிம் இல்-சுங், கிம் ஜோங்-இல் பேர் எழுத மட்டும் தனி எழுத்து, சாதா எழுத்தோட கலக்கக் கூடாதாம். யுனிகோடு அதை ஏத்துக்கல.)

மழைக்கால நிரலர்:

என்எஃப்கேசி ஏன் வேணாம்னு யாரும் எழுதலயே, நான் எழுதறேன்.

கொரியன்ல முழு கட்டம், சேர்ற ஜாமோ (மேல சொன்ன 4352 பக்கத்து துண்டு) போக மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு, பழைய கேஎஸ் ஸ்டாண்டர்டுல இருந்து அப்படியே வந்தது, கம்பாட்டிபிலிட்டி ஜாமோன்னு பேரு. கீபோர்டுல ஒத்தை மெய் மட்டும் தட்டினா வர்றது இதுதான். சேர்ற ஜாமோல ஆரம்பத்துல வர்ற "க்" மெய்க்கு ஒரு எண், கடைசில வர்ற "க்" மெய்க்கு வேற எண். இதுல ஒரே எண்தான், எங்க வருதுன்னு அதுக்கு தெரியாது. என்எஃப்சி இதை தொடாது. என்எஃப்கேசி இதை சேர்ற ஜாமோவா மாத்தி, பக்கத்துல இருக்கறதோட ஒட்ட வேற செய்யும்.

சாட்டுல, கமெண்ட்டுல, ஏன் சப்டைட்டில்லயே கூட "க்க்க்க்"னு மெய்யை மட்டும் அடிச்சு சிரிப்பாங்க, "யூயூ"ன்னு உயிரை மட்டும் அடிச்சு அழுவாங்க, கண்ணுல தண்ணி வடியற மாதிரி இருக்கும் அந்த எழுத்து. சிரிச்சுட்டே அழுதா ரெண்டையும் ஒட்டி அடிப்பாங்க. அதுல என்எஃப்கேசி போட்டா சிரிப்போட கடைசி மெய்யும் அழுகையோட முதல் உயிரும் ஒட்டி நடுவுல "க்யூ"ன்னு ஒரு முழு கட்டம் முளைச்சு நிக்கும். (கொரியாக்காரங்களே ஜாலிக்கு அப்படி அடிக்கறதுண்டு, அது வேற விஷயம், அவங்க அடிச்சா அவங்க அடிச்சது.) நன்றிக்கு சுருக்கமா ஒரு கூட்டு மெய்யை மட்டும் அடிப்பாங்க, அது என்எஃப்கேசில கடைசி மெய்யா மாறும், முன்னாடி "க"ன்னு உயிர்ல முடியற கட்டம் இடைவெளி இல்லாம இருந்தா அதோட அடியில போய் ஒட்டிக்கும், வார்த்தையே மாறிரும்.

சரி, தனியா கிடக்கற ஹ, அ, ன் மூணையும் சேத்து "ஹன்" ஆக்கித் தருமான்னு கேட்டா அதையும் உருப்படியா பண்ணாது. ன்-ஐ ஆரம்ப மெய்யா மாத்திரும், "ஹ"ன்னு ஒரு கட்டம், பக்கத்துல ஒட்டாம ஒரு ன். வேணாம்னு சொன்ன இடத்துல ஒட்டும், வேணும்ங்கற இடத்துல ஒட்டாது. தேடறதுக்கு மட்டும் ஒரு தனி காலம் வச்சு முழு அகல ஏபிசி, அரை அகல எழுத்தெல்லாம் சமமாக்கணும்னா அங்க போட்டுக்கங்க, மூலத்துல எழுதாதீங்க, திரும்ப எடுக்கவே முடியாது.

இன்னொண்ணு, என்எஃப்சி எதையும் இழக்காதுன்னு நெட்ல சொல்றவங்க ஹன்ஜாவை மறந்துடறாங்க. கேஎஸ் சி 5601ல ஒரே ஹன்ஜாவுக்கு ரெண்டு மூணு உச்சரிப்பு இருந்தா ஒவ்வொரு உச்சரிப்புக்கும் தனி இடம் குடுத்துட்டாங்க, அப்படி கூடுதலா வந்தது 268. இசைங்கற ஹன்ஜா அக், நக், ரக், யோன்னு நாலு இடத்துல இருக்கு. யுனிகோடு அதுக்கெல்லாம் இடம் குடுத்தாலும் மூல எழுத்துக்கு சமம்னு குறிச்சு வச்சிருக்கு, அதனால என்எஃப்சி போட்ட நிமிஷம் நாலும் ஒண்ணாயிரும், திரும்ப சிபி949க்கு மாத்தினா பழைய பைட் வராது. சப்டைட்டில்ல ஹன்ஜா பெருசா இருக்காது, ஆனா யாராவது பழைய நூலகப் பட்டியலோ வம்சாவளியோ மாத்தற வேலைல இருந்தா மூல பைட்டை பத்திரமா தனியா வச்சுட்டு பண்ணுங்க.

கேள்விக்குறி கந்தல்:

இதெல்லாம் படிச்சா வயித்தெரிச்சலா இருக்கு. அவங்களுக்கு 11,172 இடம், நம்ம 247க்கு இடம் இல்லேன்னுட்டாங்களே. தமிழ் முழு எழுத்துக்கெல்லாம் தனி எண் குடுத்த டேஸ்16 எல்லாம் என்ன ஆச்சு?

மழைக்கால நிரலர்:

வருவாங்கன்னு தெரியும் :) சுருக்கமா சொல்றேன். கொரியாவுக்கு குடுத்தது பாசத்துல இல்ல, அவங்க நாட்டு ஸ்டாண்டர்டுல முழு கட்டமா ஏற்கெனவே நம்பர் இருந்துச்சு, போய் வர மாத்த வழி வேணும்னு வாதாடினாங்க. நம்ம பிளாக் 1988 இஸ்கியை (இந்திய எழுத்துக்கான ஸ்டாண்டர்டு) வச்சு வந்தது, அதுல உயிர்மெய்க்கு தனி நம்பர் இல்ல. டேஸ்16ஐ தமிழ்நாடு அரசு 2010ல யுனிகோடோட சேத்து ஸ்டாண்டர்டா அறிவிச்சுச்சு, ஆனா அது நிக்கறது தனியார் உபயோகப் பகுதில, அதாவது யுனிகோடு எந்த எழுத்துக்கும் ஒதுக்காம விட்ட இடத்துல. இனிமே முழு எழுத்து புதுசா சேக்கவும் வழியில்ல, நார்மலைசேஷன் முடிவுகள் மாறக்கூடாதுன்னு பூட்டிட்டாங்க. என்னைக் கேட்டா இழப்பு பெருசில்ல, இந்த திரெட்டே முழு கட்டமும் துண்டும் ரெண்டும் கிடைச்சதால வந்த தலைவலிதான். நமக்கும் அந்த தலைவலி குட்டியா உண்டு, "கொ"ல வர்ற ஒகர குறி 3018ன்னு ஒரே எண்ணாவும் எழுதலாம், 3014ம் 3006ம் சேத்தும் எழுதலாம். மேக்ல இருந்து வர்ற தமிழ் ஃபைல் பேர்லயும் பாருங்க, தெரியும். மீதியை தனி திரெட்டுல சண்டை போடலாம்.

இடியாப்பம்_3:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உள்ள வர்ற இடத்துல சிபி949 டீகோட், உடனே என்எஃப்சி, டேபிள்ல செக், இப்படி வச்சாச்சு. ஏற்கெனவே இருந்த டூப்ளிகேட்டெல்லாம் நார்மலைஸ் வச்சு குரூப் பண்ணி எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. யூசர் ஆரம்ப மெய் மட்டும் அடிச்சு தேடணுமாம், "ஹ க"ன்னு அடிச்சா ஹன்குல் வரணும்ங்கறாங்க. ரெண்டாவது, ஜேஜு தீவு பத்தின ஒரு டாக்குமென்டரில சில கட்டம் மட்டும் என்எஃப்சி போட்டாலும் துண்டாவே நிக்குது, அது பிழையா?

செமிகோலன் சுந்தரி:

முதல் கேள்விக்கு கணக்கே போதும். கட்டத்தோட எண்ல 44032 கழிச்சு 588ஆல வகுங்க, 588ங்கறது 21 × 28. "ஹன்"னுக்கு 10588 வருது, வகுத்தா 18, அதான் ஹ. ஆனா யூசர் கீபோர்டுல அடிக்கறது அந்த மூணாவது கூட்டத்து ஜாமோ, அதுல இரட்டை மெய், கூட்டு மெய்யெல்லாம் நடுவுல கலந்து கிடக்கு, கூட்டல் கழித்தல் ஒத்து வராது. 19 எழுத்துக்கு ஒரு சின்ன லிஸ்ட் எழுதிக்கங்க. ஒவ்வொரு பேருக்கும் ஆரம்ப மெய் ஸ்ட்ரிங்கை முன்னாடியே எடுத்து தனி காலத்துல இண்டெக்ஸ் போட்டு வச்சா வேகமா இருக்கும்.

பழையபேட்டை:

ஜேஜு விஷயம் பிழை இல்ல. அங்க "அரே-அ"ன்னு ஒரு பழைய உயிர், புள்ளி மாதிரி இருக்கும், கொரியாவோட மத்த இடத்து எழுத்துல இருந்து போயிருச்சு, ஜேஜு பேச்சை எழுதும்போது இன்னும் வரும். 11,172ல இருக்கறதெல்லாம் இன்னைக்கு உள்ள 21 உயிர்தான், அதனால பழைய உயிர் வந்தா சேக்கறதுக்கு கட்டமே கிடையாது, துண்டாத்தான் இருக்கும், அதுதான் சரியான என்எஃப்சி. பழைய ஹங்குலுக்கு வேண்டிய மீதி ஜாமோக்கள் 2009ல யுனிகோடு 5.2லதான் வந்து சேந்துச்சு, அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு தனியார் பகுதில போட்டு வச்சாங்க, அப்படிப்பட்ட ஃபைல் வந்தா அது வேற மாதிரி கன்வர்ஷன்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, ஆரம்ப மெய்யும் உயிரும் இன்னைக்குள்ளது, கடைசி மெய் மட்டும் பழசுன்னா, என்எஃப்சி முதல் ரெண்டை சேத்து கட்டமாக்கிட்டு கடைசியை மட்டும் துண்டா விட்டுரும். ஸ்டாண்டர்டுபடி தப்பில்ல, சில ஃபாண்ட்ல மட்டும் கடைசி மெய் கட்டத்துக்கு வெளிய போய் தொங்கும். கொரியாவோட கேஎஸ் எக்ஸ் 1026-1 ஸ்டாண்டர்டு இந்த மாதிரி பாதி சேத்து பாதி விடறதை வேணாம்ங்குது. உங்க டாக்குமென்டரில அப்படி ஏதாவது தொங்குச்சுன்னா டேட்டாவை நோண்டாதீங்க, பழைய ஹங்குல் தெரிஞ்ச ஃபாண்ட் மாத்திப் பாருங்க. நீளம் எண்ணும்போதும் கோட்பாயிண்ட் (யுனிகோடு எண்) எண்ணாம கிராஃபீம் க்ளஸ்டர் (கண்ணுக்கு ஒரு எழுத்தா தெரியற கூட்டம்) எண்ணுங்க, சப்டைட்டில்ல ஒரு வரிக்கு இத்தனை எழுத்துன்னு வெட்டறீங்கன்னா கட்டத்துக்கு நடுவுல வெட்டிரும்.